அம்மம்மாவுக்கும் எழுத்துத் தெரியவேண்டும்

வீட்டு ஜெபக்கூட்டத்தில் பாட்டு வரிகளை 14 அங்குல லப்டொப்பில் போட்டால் முன்னுக்கு இருக்கிற நாலு பேருக்குத்தான் அது தெரியும். சோபா மூலையில் இருக்கும் அம்மம்மா தெரிந்த கீர்த்தனை என்றால் மனப்பாடமாகப் பாடுவார். புதுப்பாட்டு என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவார். சுவரில் 55 அங்குல ரீவி சும்மா தொங்கும். இரண்டையும் இணைக்க ஒரு கேபிள் போதும். எங்கள் சபையில் இந்த வேலை வாலிபர்களிடம்தான் வருகிறது. ஆகவே அதைப்பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

ரீவியின் பின்பக்கத்தில் எச்டிஎம்ஐ என்று எழுதிய போர்ட் இருக்கும். இதில் படமும் ஒலியும் ஒரே கேபிளில் போகும். பழைய விஜிஏ கேபிளில் படம் மட்டும்தான் போகும். மெல்லிய புது லப்டொப்புகளில் யூஎஸ்பி-சி மட்டும் இருந்தால் ஒரு அடாப்டர் வேண்டும். ஆனால் எல்லா யூஎஸ்பி-சி போர்ட்டும் படத்தை அனுப்பாது; சில சார்ஜுக்கும் ஃபைல்களுக்கும் மட்டுமே. வாங்குமுன் உங்கள் மாடலின் விவரத்தைப் பாருங்கள். கேபிளுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். தங்கமுலாம் பூசியதால் படம் கூடுதல் தெளிவாக வராது.

செருகியபின் றிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' அழுத்தி, கேபிள் செருகிய எச்டிஎம்ஐ இலக்கத்தைத் தெரிவுசெய்யுங்கள். விண்டோஸ் லப்டொப்பில் விண்டோஸ் பட்டனையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் நாலு தெரிவுகள் வரும். 'டூப்ளிகேட்' என்றால் லப்டொப்பில் இருப்பதெல்லாம் அப்படியே ரீவியில் தெரியும். 'எக்ஸ்டென்ட்' என்றால் பாட்டு ரீவியில், மற்றதெல்லாம் உங்களிடம். எங்கள் விருப்பம் இரண்டாவதுதான். சத்தம் ரீவியில் வராவிட்டால் லப்டொப்பின் ஸ்பீக்கர் அடையாளத்தை அழுத்தி ரீவியின் பெயரைத் தெரிவுசெய்யுங்கள்.

எக்ஸ்டென்டை விரும்புவதற்குக் காரணம் உண்டு. யாரோ தன் வியாதியைப்பற்றி உங்களுக்கு மட்டும் அனுப்பிய ஜெப விண்ணப்பம், டூப்ளிகேட்டில் இருபது பேருக்கு முன்னால் மேலெழும்பி வரலாம். நோயாளியின் விஷயத்தை வெளியே விடக்கூடாது என்பது தாதியருக்கு முதற்பாடம். கூட்டத்துக்கு முன் வட்ஸ்அப்பை மூடி, நோட்டிஃபிகேஷன்களையும் நிறுத்திவிடுங்கள்.

இனி எழுத்து. பழைய பாட்டு ஃபைல்கள் பல பாமினி எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத லப்டொப்பில் திறந்தால் தமிழ் வராது, ஆங்கில எழுத்துக்கள் தாறுமாறாக வரும். அதை யூனிகோடுக்கு மாற்றுங்கள். நேரமில்லையா, பாமினி உள்ள கணினியிலேயே பிடிஎஃப் ஆக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு திரையில் நாலு வரிக்கு மேல் வேண்டாம். பூக்களும் சூரிய அஸ்தமனமும் பின்னணியில் அழகுதான், ஆனால் கண்ணில் புரை உள்ளவருக்கு அதன்மேல் எழுத்துப் பிடிபடாது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து பலருக்குச் சுகம். கீழே ஆங்கில எழுத்திலும் பாட்டை அடித்தால் தமிழ் வாசிக்கத் தெரியாத தம்பி தங்கைகளும் சேர்ந்து பாடுவார்கள்.

குளிர்காலத்தில் ரொறன்ரோவில் வெள்ளி இரவு 8 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் சனி காலை 6.30. ஊரில் இருக்கும் சொந்தங்கள் சூமில் வரக்கூடிய நேரம். அப்போது லப்டொப்பை ரீவிக்கு நேர்கீழே வையுங்கள். கமரா லப்டொப்பில்தானே இருக்கிறது? பக்கத்து மேசையில் வைத்தால் எல்லாரும் ரீவியைப் பார்க்க, ஊரில் உள்ளவர்களுக்கு எங்கள் காதுதான் தெரியும். மைக்கும் லப்டொப்பில்தான், மெல்லப் பேசும் அம்மம்மாவை அதற்குக் கிட்ட இருத்துங்கள். இரு பக்கமும் சேர்ந்து பாடினால் ஒலி பிந்தி வந்து தாளம் குழம்பும். ஒரு பக்கம் பாட, மறுபக்கம் மியூட்டில் இருந்து கூடப் பாடட்டும்.

கேபிளை நடைவழியில் விடாதீர்கள். வீட்டுக்குள்ளே கால் தடக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களை வார்டில் நாங்கள் பார்க்கிறோம். சுவரோரமாகக் கொண்டுபோய் ரேப் ஒட்டுங்கள். எட்டாவிட்டால் நீளமான கேபிள் வாங்குங்கள்.

கூட்டம் முடிந்ததும் சோர்ஸைப் பழையபடி மாற்றிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் அடுத்த நாள் காலை அம்மம்மா ரீவி பழுதாகிவிட்டது என்று உங்களுக்குத்தான் போன் எடுப்பார்.