கவிக்கு விஷயம் யார்?

திருவாய்மொழி மூன்றாம் பத்தின் எட்டாம் திருவாய்மொழியில், நம்மாழ்வாரும் அவருடைய கரணங்களும் எம்பெருமானை அநுபவிக்க வேண்டித் தனித்தனியே விடாய்த்தமை சொல்லப்பட்டது. அடுத்த திருவாய்மொழியில் ஆழ்வாருடைய திருக்கண்கள் புலவர்கள்மேல் விழுகின்றன. அவனுக்கே உரிய நாவைக் கொண்டு செல்வரைப் பாடித் திரியும் அவர்களுடைய இழவு பொறாமல் ஹிதம் உபதேசிக்கிறார். அது அவர்களுக்குக் கசக்கும் என்று அறிந்தும் சொல்லுகை கிருபையின் மிகுதி.

நரஸ்துதியில் புலவர்க்கு விளையும் கேடு இரண்டு. பெற்ற பொருள் நெடுநாள் நில்லாது என்பது ஒன்று. இல்லாத குணத்தை ஏறிட்டுச் சொல்லுகையாலே வாய்மை அழியும் என்பது மற்றொன்று. முன்னது வயிற்றைப் பற்றியது. பின்னது ஸ்வரூபத்தைப் பற்றியது.

ஆயின் புலவர் பிழைப்பது எங்ஙனே? உடம்பை வருத்திக் கைத்தொழில் செய்து பிழைக்கலாம் என்பது ஆழ்வாருடைய விடை. உழைப்பை விற்றால் நாவுக்குக் குற்றமில்லை. நாவை விற்றால் கவிக்கு எஞ்சுவது ஒன்றுமில்லை. பாடியே தீர வேண்டுமாகில் தத்தம் இஷ்ட தெய்வத்தைப் பாடலாம். அதுவும் திருமாலையே சேரும் என்கிறார். துதியிற் சொல்லும் குணங்கள் நிறைவுறப் பொருந்துவது அவனொருவனிடத்திலேயாகையால், அத்துதிக்கும் அவனே இலக்காகிறான்.

இங்கு ஓர் ஐயம் எழும். மதுரகவியாழ்வார் கண்ணிநுண்சிறுத்தாம்பின் 11 பாசுரங்களாலும் நம்மாழ்வாரையே பாடினார். திருவரங்கத்தமுதனார் எம்பெருமானாரை 108 பாசுரங்களால் பாடினார். இவை மானிடரைப் பாடியதாகாவோ எனில், ஆகா. ஆழ்வார் விலக்கியது பொருள் கருதி இல்லாததைச் சொல்லும் துதியை. ஆசாரியனிடத்தில் குணங்கள் உள்ளவை. பாடினவர்கள் வேண்டியது திருவடி ஸம்பந்தமேயன்றிப் பொருளன்று. பகவானுக்கே அற்றுத் தீர்ந்தவரைப் பாடுகை பகவானைப் பாடுகையின் எல்லை நிலமாகும்.

ஏழாம் பத்தின் ஒன்பதாம் திருவாய்மொழியில் இவ்வுபதேசம் முற்றுப்பெறுகிறது. எம்பெருமான் தம்மைக் கருவியாகக் கொண்டு தன்னைத் தானே பாடிக்கொண்டான் என்று ஆழ்வார் உருகுகிறார். கைம்மாறாக உயிரைத் தரலாமோ என்று பார்த்தால், அதுவும் அவனுடையதாயிருக்கிறது. பிறரைப் பாடாமை கவிக்கு முதற்படி. 'நான் பாடினேன்' என்னும் நினைவையும் விடுகை முடிந்த படி. பொருளாசையை விட்ட கவிக்கும் பின்னது அரிது. ஆழ்வாருக்கு அதுவே இயல்பாயிற்று.