சிப்காட்டுக்கு நிலம் போனால் விவசாயிக்கு எவ்வளவு கிடைக்கும்? இழப்பீட்டுக் கணக்கு இதுதான்!

2023-ல் செய்யாறு அருகே மேல்மா சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்த விவசாயிகள் 7 பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. கடும் எதிர்ப்பு கிளம்பியதும் 6 பேர் மீதான நடவடிக்கை கைவிடப்பட்டது. அப்போது பலரும் கேட்டது ஒரே கேள்விதான்: ‘காசு கொடுக்குறாங்களே, அப்புறம் என்ன பிரச்னை?’

கணக்கு எப்படி?

2014 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள மத்திய அரசின் நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி, வழிகாட்டி மதிப்பு அல்லது அக்கம்பக்கத்தில் கடந்த 3 ஆண்டுகளில் பதிவான அதிக விலைப் பத்திரங்களின் சராசரி, இதில் எது அதிகமோ அதுதான் சந்தை மதிப்பு. கிராமப்புறம் என்றால் அதை 1 முதல் 2 வரையிலான எண்ணால் பெருக்குவார்கள். அந்த எண்ணை மாநில அரசு முடிவு செய்யும்.

உதாரணமாக, ஏக்கர் சந்தை மதிப்பு 10 லட்சம், பெருக்கும் எண் 1.5 என்று வைத்துக்கொள்வோம். 15 லட்சம் வரும். கிணறு, மரங்களுக்கு 1 லட்சம் சேர்த்தால் 16 லட்சம். அதே அளவு ஆறுதல் தொகையும் உண்டு. ஆக மொத்தம் 32 லட்சம்.

சிக்கல் எங்கே?

முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்க, பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போடுவது ஊர் வழக்கம். 30 லட்சத்துக்குக் கைமாறிய நிலம் ஆவணத்தில் 10 லட்சம்தான். அந்த 10 லட்சத்தை வைத்துத்தான் கணக்கே தொடங்குது. கிடைக்கும் 32 லட்சத்தில் பக்கத்து ஊரில் அதே ஒரு ஏக்கரை வாங்கினால், கையில் மிஞ்சுவது 2 லட்சம். பத்திரச் செலவுக்கும் புதுக் கிணறு வெட்டவும் அது காணாது.

சம்மதம் கேட்பார்களா?

மத்திய சட்டப்படி தனியார் நிறுவனத்துக்கு எடுத்தால் 80%, அரசு-தனியார் கூட்டுத் திட்டத்துக்கு எடுத்தால் 70% குடும்பங்களின் சம்மதம் வேண்டும். சமூகத் தாக்க ஆய்வும் கட்டாயம். ஆனால், தமிழ்நாட்டின் 1997 தொழில் நோக்கச் சட்டத்தில் எடுத்தால் இந்த இரண்டுமே கிடையாது. 2019-ல் சென்னை உயர்நீதிமன்றம் இதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு அரசு புதுச்சட்டம் கொண்டு வந்தது. 2021-ல் உச்சநீதிமன்றம் அது செல்லும் என்றது. இழப்பீடும் மறுவாழ்வும் மட்டும் மத்திய சட்ட அளவில்தான் தர வேண்டும்.

நிலமே இல்லாதவர்களுக்கு?

குத்தகைதாரர், விவசாயக் கூலிகளும் பாதிக்கப்பட்டவர்கள்தான். 3 ஆண்டுகள் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்திருக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, அல்லது ஒரே தவணையில் 5 லட்சம், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகை உண்டு. ஆனால், வாய்மொழிக் குத்தகைக்கு ஏது ஆதாரம்? பல குடும்பங்கள் பட்டியலில் விடுபடுவது இங்கேதான்.

தொகை குறைவு என்றால்?

‘ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று எழுத்தில் பதிவு செய்துவிட்டுப் பணத்தை வாங்கலாம். கெடு முடிவதற்குள் கூடுதல் இழப்பீடு கேட்டு மனு கொடுக்க வேண்டும். எதுவும் எழுதாமல் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டால், பிறகு கூடுதலாகக் கேட்பது கஷ்டம்.