மலைச்சரிவில் ஒரு கொடித்தோட்டம்



கொடித்தோட்டம் என்றதும் யாழ்ப்பாணத்துத் திராட்சைப் பந்தல்களே நம்மிற் பலருக்கு நினைவில் எழும். கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் உள்ளது வத்தேகம. அவ்வூரைச் சூழ்ந்த குடும்பத் தோட்டங்களிலும் கொடி உண்டு, அது மிளகுக்கொடி. திராட்சை வெயிலையும் வறட்சியையும் நாடும். மிளகோ மலைநாட்டின் ஈரத்தில் தழைக்கும்.

இத்தோட்டங்களில் ஒரு பயிர் தனித்து நிற்பதில்லை. பலா, தென்னை, கமுகு, கிராம்பு, சாதிக்காய், கோப்பி ஆகியவை வீட்டைச் சுற்றி நெருங்கி நிற்கும். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். ஒரே பயிரை நம்புவதன் கேட்டை இந்நாடு நன்கு அறியும். 1869ஆம் ஆண்டில் இங்கே காணப்பட்ட இலைத்துரு நோய், பின்வந்த ஆண்டுகளிற் கோப்பித் தோட்டங்களை அழித்துவிட்டதன்றோ?

மிளகுக்கொடி படர்வதற்குக் கிளிரிசீடியா போன்ற மரங்களை நடுவர். கோடையில் அம்மரத்தின் நிழல் கொடியைக் காக்கும். மழை தொடங்கியதும் அதன் கிளைகளை வெட்டி வெளிச்சம் புகச் செய்வர். வெட்டிய தழை கொடியின் அடியிலேயே எருவாகும். வறட்சிக்குப் பின் பெய்யும் மழையிலேதான் மிளகு நன்கு பூக்கும். பூத்தபின் காய் முற்ற ஆறு முதல் எட்டு மாதங்கள் செல்லும். ஆகவே, மே, ஜூன் மாத மழையில் அரும்பிய கதிர் ஆண்டு முடிவை ஒட்டியே அறுவடைக்கு வரும்.

குடும்பத்தின் பொறுமைக்குச் சோதனை அப்பொழுதுதான். ஒரு கதிரில் ஓரிரு மணிகள் சிவந்தால் பறிக்கலாம் என்பது பெரியோர் கண்ட அடையாளம். ஆனால், களவுக்கு அஞ்சியும் கடனுக்கு அஞ்சியும் பலர் பிஞ்சிலேயே பறித்துவிடுகின்றனர். முற்றிய பச்சை மிளகு மூன்று கிலோவிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ உலர் மிளகு கிடைக்கும். பிஞ்சோ உலர்ந்தபின் சுருங்கிப் பாரமற்றுப் போகும். எடையும் குறையும், விலையும் குறையும். எட்டு மாத உழைப்பு ஓரிரு வார அவசரத்தால் வீணாகிறது.

அறுவடை நாட்களில் என் பள்ளியின் வகுப்புகளிற் சில இருக்கைகள் வெறுமையாக இருக்கும். ஏணியில் ஏறித் தந்தை கதிர் பறிக்க, தாய் மணிகளை உதிர்ப்பார். பிள்ளைகள் பாயில் பரப்பி மழை வருகிறதா என்று காவலிருப்பர். உதிர்த்த மணிகளைக் கொதிநீரில் சிறிது நேரம் அமிழ்த்தி எடுத்தால் அவை விரைவில் உலர்ந்து, ஒரே சீராகக் கறுக்கும். வராத பிள்ளைகளைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. அவர்களின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் உரிய பணம் அந்தப் பாயிலேதான் காய்கிறது.

அயலவர் ஒன்றுகூடித் தோட்டங்களை முறைவைத்துக் காத்தால், களவின் அச்சமேனும் நீங்கும், கதிரும் முற்றும். மழையை நம்மால் வரவழைக்க இயலாது. மணி சிவக்கும்வரை ஒருவருக்கொருவர் துணைநிற்க இயலும்.