ஆதி அலையும் அண்மைத் தூசும்

வானத்தின் எத்திசையை நோக்கினும் மங்கலான ஒரு கதிர்வீச்சு நம்மை வந்தடைந்துகொண்டே இருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணலைகளாக வரும் அதன் வெப்பநிலை 2.725 கெல்வின். அண்ட நுண்ணலைப் பின்னணி என அறிவியலார் இதனை அழைப்பர். பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள். அது தோன்றி 3,80,000 ஆண்டுகள் கழிந்த நிலையில் புறப்பட்ட ஒளியே இது. நாம் காணக்கூடிய ஒளிகளுள் இதனினும் பழமையானது வேறில்லை. இவ்வொளியின் நுண்ணிய பண்பொன்றில், அண்டத்தின் முதற்கணத்து ஈர்ப்பலைகளின் தடயம் பதிந்துள்ளதா என்னும் தேடல் பல்லாண்டுகளாக நடைபெற்று வருகிறது. 2014ஆம் ஆண்டில் அத்தடயம் கிடைத்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. ஓராண்டிற்குள் அம்முடிவு நிலைபெறாமற் போயிற்று. தேடப்படுவது யாது, அந்த அறிவிப்பு ஏன் நிலைபெறவில்லை என்பனவற்றை இங்கே காண்போம்.

ஒளி ஊடுருவாத் திரை

தொடக்கக் காலத்தில் பேரண்டம் கடும் வெப்பமும் அடர்த்தியும் கொண்டிருந்தது. அணுக்கள் உருவாகாத அந்நிலையில் எலக்ட்ரான்கள் கட்டின்றித் திரிந்தன. ஒளி எப்பக்கம் சென்றாலும் அவற்றின்மீது மோதிச் சிதறியது. அடர்ந்த மூடுபனிக்குள் விளக்கொளி சிக்கியதைப் போன்ற நிலை அது. வெப்பம் தணிந்து அணுக்கள் உருவான பின்னரே மூடுபனி விலகி, ஒளி தடையின்றிப் பயணம் செய்தது. ஆகவே எத்துணைப் பெரிய தொலைநோக்கியை அமைத்தாலும், அந்த 3,80,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட நிலையை ஒளியின் துணைகொண்டு நேரே காண இயலாது.

அத்திரைக்கு அப்பால் நிகழ்ந்தது என்ன? வானின் எதிரெதிர்ப் பகுதிகள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒளிகூடச் சென்று சேர முடியாத தொலைவில் இருந்தும், ஒரே வெப்பநிலையைக் காட்டுகின்றன. இதற்கு விடையாக, ஒரு நொடியின் மிக நுண்ணிய கூற்றுக்குள் பேரண்டம் அளவிறந்த வேகத்தில் விரிந்தது என்னும் பெருவீக்கக் கோட்பாட்டை 1980களின் தொடக்கத்தில் அலெக்சி ஸ்டாரோபின்ஸ்கி, ஆலன் கூத், ஆந்த்ரேய் லிண்டே முதலிய அறிஞர்கள் வகுத்தனர். இக்கோட்பாடு பலவற்றை விளக்குகிறது எனினும், இன்றுவரை நேரடியாக மெய்ப்பிக்கப்படவில்லை.

பெருவீக்கம் நிகழ்ந்திருப்பின், வெளியின் குவாண்டம் நடுக்கங்களே இழுத்து நீட்டப்பெற்று ஈர்ப்பலைகளாகப் பரவியிருக்க வேண்டும். 1916ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் முன்னுரைத்த ஈர்ப்பலைகளுக்கு எந்த மூடுபனியும் தடையன்று. ஒளியால் கடக்க முடியாத திரையை அவை கடந்து வரும். 2015ஆம் ஆண்டில் லைகோ கருவிகள் நேரடியாகப் பதிவுசெய்தவை கருந்துளைகள் ஒன்றிணைந்தபோது எழுந்த அலைகள். நாம் பேசுவனவோ அண்டத்தின் தொடக்கத்திலேயே எழுந்தவை. பல கோடி ஒளியாண்டு அலைநீளம் கொண்ட இவற்றை அத்தகைய கருவிகளால் உணர முடியாது. ஆயினும் பழைய ஒளியின்மீது அவை முத்திரை பதித்துச் சென்றிருக்கக்கூடும்.

முத்திரையின் இலக்கணம்

ஒளி அலைகள் எல்லாத் திசையிலும் சமமாக அதிராமல் ஒரு தளத்தில் மிகுதியாக அதிர்வது தளவிளைவு எனப்படும். மூடுபனி விலகும் இறுதிக் கட்டத்தில், ஓர் எலக்ட்ரானுக்கு இரு பக்கங்களிலிருந்து சற்றே வெப்பமிகுந்த ஒளியும், அவற்றுக்குச் செங்குத்தான இரு பக்கங்களிலிருந்து சற்றே குளிர்ந்த ஒளியும் வந்து சேர்ந்தால், சிதறிச் செல்லும் ஒளி தளவிளைவு பெறும். ஈர்ப்பலையின் இயல்பும் இதுவே: ஒரு திசையில் வெளியை நீட்டும், அதற்குச் செங்குத்தான திசையில் சுருக்கும்.

ஆனால் பருப்பொருளின் அடர்த்தி வேறுபாடுகளும் தளவிளைவை உண்டாக்கும். இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? 1997ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள் இதற்கு வழிகாட்டின. அடர்த்தி வேறுபாடுகளால் விளையும் கோலம், ஒரு புள்ளியைச் சுற்றி வளையமாகவோ ஆரக்கால்களாகவோ அமையும். கண்ணாடியில் காட்டினால் மாறாது. இது ஈ வகை. ஈர்ப்பலைகளோ இதனுடன், காற்றாடியின் இதழ்களைப்போல் இடமாகவோ வலமாகவோ சுழலும் கோலத்தையும் உண்டாக்கும். கண்ணாடியில் காட்டினால் அதன் சுழற்சி திரும்பிவிடும். இது பி வகை. ஈ வகைத் தளவிளைவைத் தென்முனையில் இயங்கிய டாசி கருவி 2002ஆம் ஆண்டில் கண்டறிந்தது. பி வகையே இத்தேடலின் இலக்கு. வழியிலுள்ள பருப்பொருளின் ஈர்ப்பு ஒளியை வளைப்பதாலும் சிறிதளவு பி வகை தோன்றும்; எனினும் அது சிறிய கோண அளவுகளில் மிகுவதால் ஓரளவு பிரித்தறியத்தக்கது.

தென்முனையிலிருந்து ஓர் அறிவிப்பு

நுண்ணலைகளை விழுங்கும் நீராவி தென்முனையின் வறண்ட காற்றில் மிகக் குறைவு. ஏறத்தாழ 2,800 மீட்டர் உயரத்தில், ஆறு மாத இருள் நிலவும் அங்கே பைசெப்-2 என்னும் தொலைநோக்கி 2010 முதல் 2012 வரை இயங்கியது. 512 உணரிகளைக் கொண்டு, வானின் நூற்றில் ஒரு பங்கினும் சற்றுக் குறைந்த பரப்பை 150 கிகாஹெர்ட்ஸ் என்னும் ஒரே அதிர்வெண்ணில் அது உற்றுநோக்கியது.

2014 மார்ச் 17 அன்று, அமெரிக்காவின் ஹார்வர்ட் ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையத்தில் இக்குழுவினர் தம் முடிவை வெளியிட்டனர். ஈர்ப்பலைகளின் வலிமைக்கும் அடர்த்தி வேறுபாடுகளின் வலிமைக்கும் உள்ள விகிதம் 0.2 என்றனர். ஐரோப்பிய பிளாங்க் விண்கலத்தின் வெப்பநிலைத் தரவுகள் இவ்விகிதம் 0.11ஐ மிஞ்சாது என முன்னரே உணர்த்தியிருந்தன. எனினும் உலக நாளேடுகள் இதனை நூற்றாண்டின் கண்டுபிடிப்புகளுள் ஒன்றாகப் போற்றின. அம்மதிப்பு உண்மையாயின், பெருவீக்கம் நிகழ்ந்த ஆற்றல், ஜெனீவா அருகிலுள்ள துகள் முடுக்கி எட்டும் ஆற்றலைப்போல் ஏறத்தாழ இலட்சம் கோடி மடங்கு என்றாகும். ஆய்விதழில் வெளிவருமுன்னரே, பிற ஆய்வாளர்கள் சோதித்துப் பார்க்குமுன்னரே, பாராட்டு முந்திக்கொண்டது.

தூசின் சாட்சியம்

நம் பால்வெளி மண்டலத்தில் விண்மீன்களுக்கிடையே நுண்ணிய தூசுத்துகள்கள் பரவிக் கிடக்கின்றன. நீள்வடிவான அவை மண்டலத்தின் காந்தப்புலத்திற்கேற்ப ஒழுங்குபட்டு நிற்பதால், அவை உமிழும் நுண்ணலைகளும் தளவிளைவு பெற்றிருக்கும். பி வகைக் கோலமும் அவற்றில் உண்டு. எனில் ஆதி அலையையும் அண்மைத் தூசையும் வேறுபடுத்துவது எது? அதிர்வெண்ணே. அதிர்வெண் உயர உயரத் தூசின் பங்கு ஓங்கும். ஆதி ஒளியின் பங்கு அவ்வாறு ஓங்காது. ஒரே அதிர்வெண்ணில் நோக்கியோர் இதனைத் தம் தரவினின்று தெளிவாக அறிய வழியில்லை. தாம் நோக்கிய பகுதியில் தூசு மிகக் குறைவு என்று அக்குழு கொண்ட கணிப்புகள், போதிய அளவீடு இல்லாத மாதிரிகளைச் சார்ந்திருந்தன.

353 கிகாஹெர்ட்ஸில் வானம் முழுவதையும் அளந்திருந்த பிளாங்க் குழு, தூசின் பாதிப்பைப் புறக்கணிக்கத்தக்க தூய பகுதி வானில் எங்குமில்லை என 2014 செப்டம்பரில் தெரிவித்தது. பின்னர் இரு குழுக்களும் தம் தரவுகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்தன. 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியான அக்கூட்டாய்வின்படி, ஆதி ஈர்ப்பலைகளுக்குச் சான்று எஞ்சவில்லை; விகிதம் 0.12க்கும் குறைவு என்னும் வரம்பே எஞ்சியது. இங்கே ஒன்றை நடுநிலையோடு குறிப்பிட வேண்டும். பைசெப்-2 அளந்த குறிகை மெய்யானதே, கருவி பிழைபடவில்லை. அக்குறிகை எங்கிருந்து வந்தது என்று உரைத்ததிலேயே பிழை நேர்ந்தது.

இன்றைய நிலை

தேடல் அத்துடன் நின்றுவிடவில்லை. அதே குழுவினர் தென்முனையில் பல அதிர்வெண்களில் நோக்கும் கருவிகளை நிறுவினர். 2018 வரை திரட்டிய தரவுகளைக் கொண்டு, விகிதம் 0.036க்கும் குறைவு என 2021ஆம் ஆண்டில் அறிவித்தனர். இதனால் பெருவீக்கத்தின் எளிய மாதிரிகள் சில தள்ளுண்டன. ஸ்டாரோபின்ஸ்கியின் மாதிரி முன்னுரைக்கும் 0.003 அளவிலான மதிப்பு இன்னும் எட்டப்படவில்லை. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அமைந்த சைமன்ஸ் வானாய்வகமும், ஜப்பான் தலைமையில் திட்டமிடப்பட்டுள்ள லைட்பேர்ட் விண்கலமும் அந்நுண்மையையே இலக்காகக் கொண்டுள்ளன.

இத்துறையின் வரலாற்றில் இரு நிகழ்ச்சிகள் எதிரெதிரே நிற்கின்றன. 1964ஆம் ஆண்டில் நியூ ஜெர்சியில், ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் ஆகிய இருவரும் தம் அலைவாங்கியில் நீங்காத இரைச்சல் ஒன்றைக் கண்டனர். அதில் கூடு கட்டியிருந்த புறாக்களின் எச்சம் காரணமாகலாம் என ஐயுற்றுத் துடைத்துத் தூய்மை செய்தனர். இரைச்சல் போகவில்லை, அதுவே இந்த ஆதி ஒளி என 1965ஆம் ஆண்டில் தெரியவந்தது. அவர்கள் அழுக்கென ஐயுற்றது அண்டத்தின் பழமையான ஒளியாயிற்று. ஐம்பது ஆண்டுகளின் பின் முதற்கணத்தின் அலையெனக் கொண்டாடப்பட்டது நம் மண்டலத்துத் தூசாயிற்று. முன்னவர்கள் அருகிலுள்ள காரணங்களை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டே தொலைவிலுள்ளதை ஏற்றனர். பின்னவர்களிடம் அருகிலுள்ளதை நீக்குவதற்குரிய அளவீடு அப்போது இல்லை. எதிர்பார்த்த விடை கைக்கு வரும்போதுதான் ஆராய்ச்சியாளனுக்கு ஐயம் மிகுதியும் வேண்டற்பாலது. அவ்வையத்தை அவன் தன் முடிவின்மீதே முதலில் செலுத்துவானாயின், கிடைக்காத விடையும்கூட அறிவை ஓரடி முன்னே நகர்த்தும், 0.2 என்பது 0.036க்குள் ஒடுங்கிய வரலாறு காட்டுவது அதனையே.