லால்குடி ஜெயராமன் (1930–2013)

கர்நாடக இசை வயலின் கலைஞர். தியாகராஜரின் சீடரான லால்குடி ராமய்யரின் வழிவந்த குடும்பம். தந்தை கோபாலய்யரே குரு. 12 வயதிலேயே பக்கவாத்தியம் வாசிக்க மேடையேறினார்.

சம்மணமிட்டு அமர்ந்து, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வாசிப்பது கர்நாடக மரபு. கருவி அசையாததால் இடக்கை விரல்கள் சுரங்களை அசைக்கும் கமகத்துக்காகத் தந்தியில் தாராளமாக வழுக்கிச் செல்லும். ஜெயராமனின் தனிப்பெருமை வலக்கையில் இருந்தது. பாடல் வரிகளான சாகித்தியத்தில் சொல் பிரியும் இடமறிந்து வில்லைத் திருப்பினார். கீர்த்தனை தெரிந்தவர்களுக்கு வயலினில் வார்த்தைகளே கேட்டன. அவருடைய பெருஞ்சாதனை இதுவே.

1966இல் வயலின், வேணு (புல்லாங்குழல்), வீணை மூன்றையும் ஒரே கச்சேரியில் இணைத்தார். அவர் இயற்றிய தில்லானாக்களுக்கு நாட்டியக் கலைஞர்கள் இன்றும் ஆடுகிறார்கள். பிள்ளைகள் கிருஷ்ணன், விஜயலட்சுமி வயலின் கற்றதும், பாடகி பம்பாய் ஜெயஸ்ரீ பாட்டைச் செப்பனிட்டுக்கொண்டதும் அவரிடம்தான்.