கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு சொன்னேனே...!

இந்த மலரை வாரம் தவறாமல் படித்து, சமையல் குறிப்புகளைக் கத்தரித்து வைத்துக் கொள்ளும் வாசகிகளில் நானும் ஒருத்தி. இதுவரை ஒரு வரி எழுதிப் போட்டதில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம், நான் செய்த ஒரு தப்பு. அதை மறைக்காமல் சொன்னால், என்னைப் போல் நாற்பதைத் தாண்டிய பிறகு கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள ஆசைப்படும் சகோதரிகளுக்கு உதவும் என்று தோன்றியது.

எனக்கு வயது 46. படித்தது பி.காம். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பெல்லாம் பால் கணக்கு, மளிகைக் கணக்கோடு நின்று விட்டது. எங்கள் தெருவில் 15 பேர் சேர்ந்த மகளிர் சுயஉதவிக் குழு இருக்கிறது. கணக்கு எழுதுவது என் பொறுப்பு. சேமிப்பு, உள்கடன், தவணை, வட்டி என்று நாலு நோட்டுகள். கூட்டத்துக்கு முதல் நாள் ராத்திரி கூட்டிக் கூட்டியே விடிந்து விடும்.

வேலை கிடைத்து வெளியூர் போன மகள், தன் பழைய லேப்டாப்பை வீட்டில் விட்டுப் போனாள். "ஏம்மா கஷ்டப்படுறே? நீயே ஒரு புரோகிராம் எழுதிக்கோயேன். நான் சொல்லித் தர்றேன்" என்றாள். "அடிப் போடி, எனக்கு இதெல்லாம் வருமா?" என்றேன். ஆனால் உள்ளுக்குள் ஆசை. லீவில் வந்தபோது உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். மிச்சத்தை போனில் கேட்டுக் கேட்டுக் கற்றேன். மூன்று மாதத்தில் குழுவின் கணக்கு முழுவதும் என் புரோகிராமில் ஏறி விட்டது. பெயரைத் தட்டினால் கடன் பாக்கி வந்து நிற்கும். எனக்கு ஒரே பெருமை! நோட்டுகளை மூட்டை கட்டிப் பரணில் போட்டேன்.

அங்கேதான் வந்தது வினை.

எங்கள் குழுவில் முனையில் இட்லிக்கடை போட்டிருக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். கணவர் இல்லை. 10,000 ரூபாய் கடன் வாங்கி, மாதம் 1,000 ரூபாய் அசல், வட்டி தனியாக என்று கட்டி வந்தார். பத்தாவது தவணையைக் கட்டி விட்டு, "கடன் முடிஞ்சிருச்சுல்ல தாயி?" என்றார். நான் லேப்டாப்பைத் தட்டினேன். பாக்கி 1,000 என்று காட்டியது.

"இன்னும் ஒரு தவணை இருக்கேக்கா."

"இல்ல தாயி, பத்தும் கட்டிட்டேன்."

அவருடைய கடன் அட்டையோ மாவுத் தண்ணீரில் நனைந்து, எழுத்தெல்லாம் கலைந்து கிடந்தது. 14 பேர் பார்த்துக் கொண்டிருக்க நான் சொன்னேன்... "மனுஷங்க மறக்கலாம்க்கா. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

அவர் அதற்கு மேல் பேசவில்லை. அடுத்த கூட்டத்தில் 1,000 ரூபாயைக் கொண்டு வந்து வைத்தார். அது, பழுதான கிரைண்டரைச் சரி பண்ண வைத்திருந்த காசு என்பதும், ஒரு மாதம் அவர் ஆட்டுக்கல்லில் கையால் மாவாட்டினார் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து, தையல் வேலை செய்யும் தங்கச்சியின் கடன் முடிந்தது. அவளுக்கும் பாக்கி 1,000 என்று காட்டியது! அவள் அட்டையில் பத்துத் தவணைக்கும் என் கையெழுத்து பளிச்சென்று இருந்தது. எனக்கு அடிவயிறு கலங்கியது. ஒருத்தர் மறக்கலாம், ரெண்டு பேருமா மறப்பார்கள்? பரணில் ஏறி நோட்டை எடுத்தேன். இட்லிக்கடை அக்கா பத்துத் தவணையும் கட்டியிருந்தார். தப்பு என் புரோகிராமில்!

மகளிடம் போனில் சொன்னதும், "எந்த இடம்மா? படி" என்றாள். படித்தேன். "1 முதல் 10 வரை கூட்டுன்னு எழுதியிருக்கேன்." அவள் தலையில் அடித்துக் கொள்வது போனிலேயே கேட்டது. "அம்மா, அது 0-லேருந்து எண்ணும்மா!"

பைத்தான் மொழியில் பத்துத் தவணைகளை வரிசையாக எழுதி வைத்தால், முதல் தவணையின் எண் 1 இல்லை, 0. பத்தாவது தவணையின் எண் 9. அதோடு, 'ரேஞ்ச்' என்ற கட்டளைக்கு 1, 10 என்று கொடுத்தால், அது 1-ல் தொடங்கி 9-லேயே நின்று விடும். 10 அதில் சேராது. ஆக, என் புரோகிராம் எல்லோருக்கும் முதல் தவணையை விட்டு விட்டு மிச்சம் ஒன்பதை மட்டும் கூட்டியது. மற்றவர்களின் கடன் நடுவில் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. கட்டாத மாதங்களுக்கு நான் பூஜ்யம் போட்டு வைத்திருந்ததால் கம்ப்யூட்டரும் பிழை என்று சத்தம் போடவில்லை. அது பொய் சொல்லவில்லைதான். நான் சொன்ன தப்பை அப்படியே செய்தது!

அதற்குப் பிறகு, என் போல் புதிதாகக் கற்றுக் கொள்பவர்கள் வழக்கமாக எங்கெங்கே முட்டிக் கொள்கிறார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன். என்னிடம் கேட்கும் சகோதரிகளுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே தருகிறேன்.

1. "எந்த மொழியில் ஆரம்பிக்கலாம்?"

நான் கற்றது பைத்தான். நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராஸம் 1991-ல் வெளியிட்டது. பெயர் வந்தது மலைப்பாம்பால் இல்லை. ஓர் ஆங்கிலேய நகைச்சுவைக் குழுவின் பெயராம்! காசு கொடுக்க வேண்டாம், இலவசம். பழைய புத்தகம் கையில் கிடைத்தால் மட்டும் ஜாக்கிரதை. பைத்தான் 2-க்கான பராமரிப்பு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்து விட்டது. அதில் 'பிரிண்ட்' கட்டளைக்கு அடைப்புக்குறி தேவையில்லை. பைத்தான் 3-ல் கட்டாயம். புத்தகத்தில் உள்ளபடியே தட்டியும் பிழை வருகிறதே என்று ஒரு வாரம் அழுதவள் நான்.

2. "ஏன் 0-லிருந்து எண்ண வேண்டும்?"

உங்கள் வீட்டு இஞ்ச் டேப்பை எடுத்துப் பாருங்கள். முதல் இஞ்ச் என்பது 0-க்கும் 1-க்கும் நடுவில் இருப்பது. அளவு தொடங்குவது 0-ல்தான். வரிசையின் தொடக்கத்திலிருந்து எத்தனை தள்ளி இருக்கிறது என்பதே அந்த எண். முதல் பொருள் எதுவும் தள்ளி இல்லை, ஆகவே 0. இதை ஒரு தடவை மனசில் பதிய வைத்துக் கொண்டால் போதும்.

3. "500-ம் 500-ம் கூட்டினால் 500500 என்று வருகிறதே?"

எனக்கும் வந்தது! நாம் தட்டுவதை எல்லாம் கம்ப்யூட்டர் முதலில் எழுத்தாகத்தான் வாங்கிக் கொள்ளும். எழுத்தையும் எழுத்தையும் சேர்த்தால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைக்கும். "இது எண்" என்று மாற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு 'இன்ட்' என்ற கட்டளை இருக்கிறது.

4. "ஒரு சமக்குறியா, ரெண்டா?"

ஒரு சமக்குறி போட்டால், "இந்த டப்பாவில் இதைப் போட்டு வை" என்று பொருள். இரண்டு போட்டால், "ரெண்டும் ஒண்ணுதானா, பார்த்துச் சொல்" என்று பொருள். முதலாவது ஏவல், இரண்டாவது கேள்வி.

5. "இடம் விட்டு எழுதாவிட்டால் ஏன் கோபித்துக் கொள்கிறது?"

பைத்தானில் எந்த வரி எந்த வேலைக்குள் அடங்கும் என்பதை, வரியின் முன்னால் விடும் இடத்தை வைத்துத்தான் அது தெரிந்து கொள்கிறது. நாலு இடம் விடுவது வழக்கம். ஒரு வரிக்கு நாலு, அடுத்ததற்கு மூன்று என்று கோணல்மாணலாக விட்டால் ஏற்றுக் கொள்ளாது.

6. "0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3 வரவில்லையே?"

ஆமாம், 0.30000000000000004 என்று வரும்! கம்ப்யூட்டர் கெட்டுப் போகவில்லை. 1-ஐ 3-ஆல் வகுத்தால் நமக்கு 0.3333 என்று முடிவில்லாமல் போகிறதல்லவா? கம்ப்யூட்டர் எண்ணுவது 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில். அதில் பத்தில் ஒரு பங்கு என்பது முடிவில்லாத எண். எங்கோ ஓரிடத்தில் வெட்டித்தான் வைக்க முடியும். துளிதானே என்று நினைக்காதீர்கள். 1991 பிப்ரவரி 25-ல் வளைகுடாப் போரின்போது, சவூதியின் தஹ்ரானில் இருந்த ஓர் ஏவுகணைத் தடுப்புக் கருவி, நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணிக் கொண்டிருந்தது. நூறு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடியதில் இந்தத் துளி சேர்ந்து சேர்ந்து நொடியில் மூன்றில் ஒரு பங்கு பிசகி விட்டது. எதிரி ஏவுகணையைத் தடுக்க முடியாமல் 28 அமெரிக்க வீரர்கள் உயிரிழந்தார்கள். நம் வீட்டுக் கணக்குக்கு வழி சுலபம். எல்லாவற்றையும் பைசாவாக எழுதுங்கள். 10 ரூபாய் 50 பைசா என்றால் 1050. புள்ளியே வராது.

7. "சிவப்பில் வரும் பிழைச் செய்தியைப் பார்த்தாலே பயம்!"

எனக்கும் அப்படித்தான். கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன பிழை என்பது அதில்தான் இருக்கும். அதற்கு மேலே வரி எண் இருக்கும். அந்த வரியில் தப்பே தெரியவில்லை என்றால் அதற்கு முந்தைய வரியைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஓர் அடைப்புக்குறியை மூட மறந்திருப்போம். சத்தம் போடுகிற பிழைக்குப் பயப்பட வேண்டாம். என்னுடையது போல் சத்தமே போடாத பிழைதான் ஆளைக் கவிழ்க்கும்.

8. "யாரிடமாவது எப்படிக் கேட்பது?"

டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? "ஓட மாட்டேங்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன தட்டினேன், என்ன வரும் என்று நினைத்தேன், என்ன வந்தது, பிழைச் செய்தி முழுவதும் என்ன... இந்த நாலையும் சொல்லுங்கள். பாதி நேரம், எழுதும்போதே நமக்கே விடை தெரிந்து விடும்.

9. "இங்கிலீஷ் தெரியாது, வயசாகி விட்டது, பெண்களுக்கு இது வருமா?"

கட்டளைச் சொற்கள் கொஞ்சம்தான், பழகி விடும். பைத்தான் 3-ல் நாம் வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். என் புரோகிராமில் 'தவணை', 'பாக்கி' என்றுதான் இருக்கிறது. தமிழிலேயே எழுத 'எழில்' என்றொரு மொழியும் உண்டு. பெண்களுக்கு வருமா என்றா கேட்கிறீர்கள்? கம்ப்யூட்டரே இல்லாத 1843-ல், அதற்கான கணக்கு முறையை எழுதி வெளியிட்டவர் ஏடா லவ்லேஸ் என்ற பெண். 1946-ல் அமெரிக்காவில் அறிமுகமான எனியாக் என்ற ராட்சசக் கம்ப்யூட்டருக்குக் கணக்கு அமைத்துக் கொடுத்தவர்கள் ஆறு பெண்கள். அவர்களின் பெயரை வெகு காலம் யாரும் சொல்லவில்லை. நாம் எழுதுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தரும் வேலையை 1952-லேயே கம்ப்யூட்டரிடம் கொடுத்தவர் கிரேஸ் ஹாப்பர் என்ற பெண்மணி.

10. "இப்போதுதான் கேட்டவுடன் புரோகிராம் எழுதித் தர செயற்கை நுண்ணறிவு வந்து விட்டதே?"

வரட்டும், நானும் கேட்கிறேன். ஆனால் விடை சரியா என்று பார்ப்பது நம் வேலை. கையால் போட்டு விடை தெரிந்த ஒரு பழைய மாதக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். முதல் தவணை, கடைசித் தவணை, ஒன்றுமே கட்டாதவர்... இந்த மூன்றையும் கட்டாயம் சோதியுங்கள். தப்பு ஒளிந்து கொள்வது ஓரங்களில்தான். நான் இதைச் செய்திருந்தால் ஓர் ஏழைப் பெண்ணை அழ வைத்திருக்க மாட்டேன்.

கடைசியாக நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். 1,000 ரூபாயை எடுத்துக் கொண்டு இட்லிக்கடைக்குப் போனேன். "அக்கா, தப்பு என் மேலதான். மன்னிச்சிருங்க" என்றேன். அவர் காசை வாங்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்து விட்டுச் சொன்னார்...

"காசு கெடக்கட்டும் தாயி. அன்னைக்கு எல்லாரும் பாக்கத்தானே சொன்னே? இதையும் எல்லாரும் பாக்கச் சொல்லு."

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, பரணிலிருந்து எடுத்த நோட்டையும் லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே தப்பினேன் என்று 14 பேருக்கும் விளக்கினேன். அவர் கையில் பணத்தைக் கொடுத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்து கொண்டு, "அந்தப் பொட்டியில என் பேரைத் தட்டிக் காட்டு" என்றார். பாக்கி 0 என்று வந்ததைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார்.

இப்போதும் என் புரோகிராமைத்தான் ஓட்டுகிறோம். ஆனால் நோட்டும் எழுதுகிறேன். மாதக் கடைசியில் இரண்டும் ஒத்துப் போனால்தான் கூட்டத்தில் வாசிப்பேன். யாராவது "நான் கட்டிட்டேனே" என்றால், முதலில் அவரை நம்பி நோட்டைப் புரட்டுகிறேன், பிறகுதான் கம்ப்யூட்டர்.

கற்றுக் கொள்ளுங்கள் சகோதரிகளே, பயப்படாதீர்கள். ஆனால் என்னைப் போல் அந்த வார்த்தையை மட்டும் யாரிடமும் சொல்லி விடாதீர்கள்!

- ஒரு வாசகி, திண்டுக்கல்.