பழைய கணனியை நமது தேவைக்கு அமைத்துக்கொள்வோம்

அலுவலகங்கள் புதிய கணனிகளை வாங்கும்போது பழையவை ஒதுக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று நமது சனசமூக நிலையத்துக்கு நன்கொடையாக வந்து சேரலாம். அதில் ‘விண்டோஸ் எக்ஸ்பி’ எனும் இயக்க முறைமை இருந்தால், காலங்கடந்தது என்று மூலையில் போட்டுவிட வேண்டியதில்லை. இயக்க முறைமை என்பது திரை, விசைப்பலகை, அச்சுப்பொறி ஆகிய யாவற்றையும் இணைத்து வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளாகும்.

மைக்ரோசொஃப்ட் நிறுவனம் இதனை 2001 ஒக்டோபர் 25இல் வெளியிட்டது. 2014 ஏப்ரல் 8உடன் இதற்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. ஆகவே இக்கணனியை இணையத்துடன் இணைப்பதும், வங்கி அலுவல்களுக்குப் பயன்படுத்துவதும் ஆபத்தானவை. ஆனால் கடிதம் எழுதவும், கணக்கு வைக்கவும், பட்டியல் தயாரித்து அச்சிடவும் இது இன்றும் போதுமானது.

காணி உறுதியினதும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தினதும் பெறுமதியை இடம்பெயர்ந்த நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றின் விபரங்களை ஒரு பொதுக் கணனியில் பதிகிறோமென்றால், அது எவ்வாறு நடந்துகொள்ள வேண்டுமென்று கட்டளையிடவும் நாம் தெரிந்திருக்க வேண்டும். அக்கட்டளைகளையே ‘அமைப்புகள்’ என்கிறோம்.

முதலில் ஒரு கொப்பி

அமைப்புகளிற் பெரும்பாலானவை ‘கொன்ட்ரோல் பனல்’ எனும் பகுதியில் உள்ளன. ‘ஸ்டார்ட்’ பொத்தானை அழுத்தி அதனைத் திறக்கலாம். இடது பக்கத்தில் ‘கிளாசிக் வியூ’ என்பதைத் தெரிவுசெய்தால் எல்லாச் சின்னங்களும் ஒரே இடத்தில் தோன்றும்.

எதையும் மாற்றுமுன் இரண்டு விதிகளைக் கைக்கொள்வோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பழைய அமைப்பு, புதிய அமைப்பு, திகதி மூன்றையும் ஒரு கொப்பியில் எழுத வேண்டும். வாய்க்காலில் எல்லா மடைகளையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டால் எந்த மடையால் வரம்பு உடைந்ததென்று தெரியாதல்லவா?

மேலும், ‘அக்ஸசரிஸ்’ பகுதியில் ‘சிஸ்டம் டூல்ஸ்’ என்பதனுள் ‘சிஸ்டம் ரிஸ்டோர்’ உண்டு. பெரிய மாற்றத்துக்கு முன் அதில் ஒரு மீட்புப் புள்ளியை உருவாக்கினால், தவறு நேரும்போது பழைய நிலைக்குத் திரும்பலாம். ‘ரெஜிஸ்ட்ரி’ எனும் உட்பதிவேட்டை மட்டும் அனுபவமில்லாதவர்கள் தொடாதிருப்பது நன்று. அங்கு ஒரு பிழையான மாற்றம் கணனியையே இயங்காமற் செய்துவிடலாம்.

திரையும் திகதியும்

வெற்றுத் திரையில் சுட்டியின் வலது பொத்தானை அழுத்தி ‘ப்ரொப்பர்டீஸ்’ என்பதைத் தெரிவுசெய்க. ‘அப்பியரன்ஸ்’ பகுதியில் எழுத்தின் பருமனைக் கூட்டலாம். வயதானவர்களுக்கு இது உதவும். ‘செட்டிங்ஸ்’ பகுதியில் திரையின் நுணுக்க அளவை மாற்றலாம். மாற்றியதும் கணனி 15 விநாடிகள் காத்திருக்கும். நாம் ஒப்புதல் தராவிட்டால் தானாகவே பழைய அளவுக்கு மீளும். ஆகவே திரை குழம்பினாலும் பதற்றப்பட வேண்டாம்.

திகதி பிழைத்தால், பதிவான ஆவணங்களின் திகதிகளும் பிழைக்கும். எந்த மனு முந்தியது, எது பிந்தியது என்று பின்னர் அறிய இயலாது. மூலையிலுள்ள கடிகாரத்தில் இருமுறை சொடுக்கித் திருத்தலாம். கணனியை நிறுத்தும்போதெல்லாம் பழைய ஆண்டுக்கே திரும்பினால், உள்ளேயிருக்கும் நாணய வடிவப் பற்றறி தேய்ந்திருக்கலாம். பெரும்பாலும் அது சீ.ஆர். 2032 இலக்கமுடையது. மின் இணைப்பைக் கழற்றிய பின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும்.

நேர வலயத்திலும் கவனம் தேவை. இலங்கை 2006 ஏப்ரல் 15இல் தன் நேரத்தை அரை மணி குறைத்து ஐந்தரை மணி வலயத்துக்கு மீண்டது. திருத்தப்படாத எக்ஸ்பியில் ‘ஸ்ரீ ஜயவர்த்தனபுர’ ஆறு மணி வலயத்திலேயே இருக்கும். அவ்வாறாயின் சென்னை, கொல்கத்தா என்றிருக்கும் ஐந்தரை மணி வலயத்தைத் தெரிவுசெய்க.

தமிழ் எழுத்து

நம்மவர் பலர் ‘பாமினி’ எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியவர்கள். அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் அக்கடிதத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்துக்களும் குறியீடுகளுமே தோன்றும். ‘யுனிகோட்’ முறையில் எழுதினால் பெரும்பாலான கணனிகளில் தமிழாகவே தெரியும். ‘ரீஜனல் அன்ட் லாங்குவேஜ் ஒப்ஷன்ஸ்’ என்பதைத் திறந்து, ‘லாங்குவேஜஸ்’ பகுதியில் சிக்கலான எழுத்துமுறைகளுக்குரிய கட்டத்தைத் தெரிவுசெய்க. விண்டோஸ் இறுவட்டைக் கேட்கக்கூடும். பின்னர் ‘டீட்டெயில்ஸ்’ மூலம் தமிழ் விசைப்பலகையைச் சேர்க்கலாம். விசைகள் பாமினியினதைப் போல் இரா. பழகச் சில நாட்கள் வேண்டும். பழைய கடிதங்களுக்காகப் பாமினியையும் வைத்திருப்போம்.

யார் எதைத் திறக்கலாம்?

‘யூசர் அக்கவுண்ட்ஸ்’ பகுதியில் இரண்டு வகைக் கணக்குகள் உள்ளன. நிர்வாகக் கணக்கு யாவற்றையும் மாற்றவல்லது. வரையறுத்த கணக்கால் கணனியின் பொது அமைப்புகளை மாற்ற முடியாது. அன்றாட வேலைக்கு வரையறுத்த கணக்கே போதும். ஒவ்வொரு குழுவுக்கும் தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் கொடுப்போம். வன்தட்டு என்.டி.எஃப்.எஸ். முறையில் அமைந்திருந்தால், வரையறுத்த கணக்கொன்றின் ‘மை டொகியுமென்ட்ஸ்’ பகுதியை அத்தகைய இன்னொன்றினால் திறக்க இயலாது. ‘ஷெயார்ட் டொகியுமென்ட்ஸ்’ பகுதியோ எல்லோருக்கும் பொதுவானது. குடும்ப விபரங்களை அங்கு வைக்கலாகாது. நிர்வாகக் கணக்குடையவர் எதையும் பார்க்கக்கூடியவராதலால், மக்கள் கூடி நம்பிக்கையானவர்களைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

இணையமில்லாக் கணனிக்கும் பென்டிரைவ் மூலம் வைரஸ் வரும். 2008இல் பரவத் தொடங்கிய ‘கொன்ஃபிக்கர்’ இவ்வழியாலும் பரவியது. பென்டிரைவைச் செருகும்போது ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்திப் பிடித்தால் அது தானாக இயங்குவதைத் தவிர்க்கலாம். ஆயினும் வெளியார் பென்டிரைவ்களை இயன்றவரை அனுமதியாதிருப்பதே சிறந்தது.

பிரதி அவசியம்

‘சிஸ்டம் ரிஸ்டோர்’ அமைப்புகளை மீட்குமேயன்றி, அழிந்த கடிதத்தை மீட்டுத் தராது. பழைய வன்தட்டு எந்நாளும் பழுதடையலாம். எனவே முக்கிய ஆவணங்களை இரண்டு பென்டிரைவ்களில் பிரதியெடுத்து, வெவ்வேறு வீடுகளில் வைப்போம். அச்சுப் பிரதியொன்றும் கைவசம் இருக்கட்டும்.

அமைப்புகளை ஒருவர் மட்டும் அறிந்திருந்தால், அவர் ஊரைவிட்டுப் போகும் நாளில் கணனியும் நின்றுவிடும். ஆகவே ஓர் இளைஞரும் ஒரு யுவதியுமாக இருவரையேனும் பழக்குவோம். அவர்கள் மேலும் இருவரைப் பழக்கட்டும். மாற்றங்களை எழுதிய கொப்பி எப்பொழுதும் கணனியின் அருகிலேயே இருக்கட்டும்.